மம்சாபுரத்து ஹார்ட் டிஸ்க்

ராஜபாளையத்தில் பர்வீனின் கம்ப்யூட்டர் கடை. உச்சிவெயில் கண்ணாடிக் கதவைச் சுடுகிறது. மேசையில், அரிவாள் கொத்திப் பிளந்த சி.பி.யு. ஒன்று கிடக்கிறது, அதன் தகரத்தில் காய்ந்த ரத்தத்தை ஈ மொய்க்கிறது. மம்சாபுரத்தில் தேங்காய் குவித்துவைக்கும் கிட்டங்கியின் கேமராப் பதிவு அதில்தான் ஓடியது. அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன் கம்ப்யூட்டரில் வயர் போட்டு மாட்டியிருக்கிறாள் பர்வீன். அந்த டிஸ்க்கை இயக்கும் லினக்ஸ் எழும்பாமல் கறுப்புத் திரையிலேயே நிற்கிறது. கிட்டங்கி முதலாளி உக்கிரபாண்டி மேசையில் ஓங்கிக் குத்துகிறார். டீ கிளாஸ் விழுந்து தெறிக்கிறது.

"ஏம்மா, எந்தம்பி கையை வெட்டுனவன் மூஞ்சி எனக்கு இப்பவே தெரியணும்."

"குத்தாதீய அண்ணாச்சி, டிஸ்க்கு போயிரும். செத்த நேரம் சும்மா இருங்க. லினக்ஸைப் போட்டவன், எழும்புறதுக்கு வேண்டியதை மொத டிஸ்க்குல தேடுன்னு எழுதி வச்சிருக்கான். இங்க மொத டிஸ்க்கு என்னோடது. ஒங்களது ரெண்டாவது."

அவள் அந்த ஒரு வரியை மாற்றுகிறாள். எழுத்துகள் சரசரவென ஓடி, கிட்டங்கி திரையில் விரிகிறது. தேங்காய்க் குவியல் மேல் தம்பி சரிகிறார். மறுபடி அரிவாளை ஓங்குகிறவனின் முகம் திரும்பும்போது பர்வீன் படத்தை நிறுத்துகிறாள்.

உக்கிரபாண்டியின் மகன் பாண்டிதுரை.

அவர் டிஸ்க்கை வயரோடு பிடுங்கித் தரையில் அடிக்கிறார். மூடி பெயர்ந்து தகடு துருத்தும்வரை, விரல் கிழிந்து ரத்தம் ஒழுகும்வரை அடிக்கிறார். பிறகு மூச்சிரைக்க நிமிர்கிறார். திரையில் பாண்டிதுரை, ஓங்கிய அரிவாளோடு அப்படியே நிற்கிறான்.