நாலு கைக்கு ஒரு சஹன்

“நெய்ச்சோறு வாயைத் திறந்து பேசுதாம், கத்தரிக்காய் அழுவுதாம். இதையெல்லாம் ஒரு கதைன்னு அச்சடிச்சிருக்காங்க!” என்றாள் என் நாத்தனார் மர்யம், சோற்றைப் பிசைந்தபடி.

பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். பெண்கள் பக்கம் விரித்த பாயில் எங்கள் சஹனைச் சுற்றி நாலு பேர். மர்யம், அவளுடைய சிநேகிதி ஃபஹ்மிதா, என் மாமியார் ரஹ்மத் பீவி மாமி, நான்.

சஹன் என்றால் ஒரே தாம்பாளத்தில் நாலு கை. ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் வயிறு நிறைந்தவர்கூட அடுத்தவர் முடிக்கும்வரை சும்மா சோற்றை அளைந்துகொண்டிருப்பார். எங்கள் பக்கத்து மரியாதை அது.

மர்யம் சொன்ன அந்த நாவலிலும் ஒரு சஹன்தான். சேர்ந்து சாப்பிடுகிறவர்களில் யார் எதை மறைத்தாலும் சோறு போட்டுக்கொடுத்துவிடும்.

எழுதியது தமிழ்நிலா. அதாவது நான், ஷம்சாத். துபாயில் இருக்கும் என் கணவருக்குக்கூட இது தெரியாது.

“எலும்பு மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்குமே, அந்த இடத்துல சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு” என்றாள் ஃபஹ்மிதா.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வெளியே தெரியாமலிருக்க ஒரு வாய் தாளிச்சாவை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

“சிரிப்பு கெடக்கட்டும். அந்த மவுத்து செய்தி வர்ற இடம்?” என்றாள் மர்யம்.

பேச்சை மாற்ற, கத்தரிக்காய்ப் பச்சடியை அவள் பக்கம் தள்ளிப் பார்த்தேன். அவளா நிறுத்துவாள்?

“புருசன் மவுத்துன்னு போன் வருது. அவ போனை வெச்சுட்டு, தட்டுல இருக்குற சோத்தையெல்லாம் தின்னு முடிச்சு, கையையும் கழுவிட்டுத்தான் அழுவுறா. அவள்லாம் ஒரு பொம்பளையா?”

சோறு பேசியது, கத்தரிக்காய் அழுதது எல்லாம் என் கற்பனை. இது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்தது.

பதினோரு வருஷம் ஆகிறது. என் மகன் ஹஸ்ஸான் பிறப்பதற்கு முந்தின மாதம். சவூதியிலிருந்து வந்த போனை மாமிதான் எடுத்தார். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கை கழுவிய பிறகுதான் மாமா மவுத்தாகிவிட்டார் என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மர்யம் தன் மாமியார் வீட்டிலிருந்து அலறிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்படியும் ஒரு கல்நெஞ்சமா என்று அன்றைக்கு உறுத்த ஆரம்பித்தது. எழுதினால் தீரும் என்று எழுதினேன். மாமிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியம் வேறு. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை மட்டும் எழுதவில்லை. நாவலில் அந்தப் பெண் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள்.

“எனக்கு அங்கதான் அழுகை வந்துச்சு. பாவம், என்ன பசியோ” என்றாள் ஃபஹ்மிதா.

“பசியாம் பசி. நீங்களே சொல்லுங்க உம்மா, எந்தப் பொம்பளையாச்சும் அப்படிச் செய்வாளா?”

மாமி மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடந்தது தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

“செய்ய மாட்டா” என்றார் மாமி.

அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் சலசலப்பு. மணப்பெண்ணை அழைத்து வந்தார்கள். மர்யமும் ஃபஹ்மிதாவும் கழுத்தை எக்கித் திரும்பினார்கள்.

மாமி என் பக்கம் சாய்ந்தார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“எட்டு மாசப் புள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தே. ரெண்டு நாளா வாந்தி எடுத்துட்டு அன்னைக்குத்தான் உனக்குச் சோறு எறங்குச்சு. நான் கையை எடுத்திருந்தா நீயும் எடுத்திருப்பே.”

புத்தகம் அச்சாகிவிட்டது. ஊரெல்லாம் படித்தாகிவிட்டது. இனி யார் கையிலிருந்து போய்ப் பிடுங்குவேன்?

எனக்கு ஒரு பருக்கைகூட இறங்கவில்லை. மாமி எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார். ஆனாலும் கையை எடுக்காமல், என் பக்கத்துச் சோறு தீரட்டும் என்று சும்மா அளைந்துகொண்டே இருந்தார்.