எல்லாருக்கும் தோதான நேரம்

பாரிஸ் மாப்பிள்ளையோடு வீடியோவில் நிச்சயதார்த்தம். பல நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தோதான நேரத்தைச் செல்போன் ஆப்பில் தேடிக்கொண்டிருந்தார் விழிதியூர் பஞ்சநாதன்.

“என் உயிர்த்தோழி நளினி இல்லாம நிச்சயமா? நியூசிலாந்தையும் சேருங்கப்பா” என்றாள் மகள் பாரதிப்ரியா.

சேர்த்தார். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி மட்டும் பச்சையாக நின்றது.

“எமகண்டத்துலயா?” என்று பதறினாள் அம்மா.

வேறு நாள் பார்ப்பதற்குள், மாப்பிள்ளை நவநீதன் பாரிஸிலிருந்தே தன் பிரேசில் நண்பரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். மாதம் முழுக்கச் சிவப்பு.

“இந்தச் சம்பந்தம் கூடிவராது போலருக்கு.” செல்போனைக் கீழே வைத்துவிட்டார் பஞ்சநாதன்.

பாரதிப்ரியா கொல்லைப்பக்கம் போய், அதுவரை பேசியே இராத நவநீதனுக்கு மெசேஜ் அனுப்பினாள். “உங்க பிரேசில் நண்பர் நிஜமாவே இருக்காரா?”

உடனே பதில் வந்தது. “உங்க நியூசிலாந்து தோழி இருந்தா, அவரும் இருக்கார்.”

கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள் அரைமணி நேரம் அங்கேயே நின்று சிரித்துச் சிரித்து மெசேஜ் அனுப்பினாள். பிறகு கூடத்துக்கு வந்தாள்.

“அப்பா, நளினியால வர முடியாதாம். அவ பேரை எடுத்துடுங்க.”

“அந்த பிரேசில்காரர்?”

“ஆப்பைப் பாருங்களேன்.”

பஞ்சநாதன் திறந்து பார்த்தார். பிரேசில்காரர் அதற்குள் காணாமல் போயிருந்தார்.