இடது கன்னம்

பந்தயம் கட்டியது கனகவல்லியின் நாத்தனார் மேகலாதான். சிங்கப்பூரிலிருந்து அவள் கொண்டுவந்த விலை உசந்த க்ரீமை அண்ணி வலது கன்னத்தில் மட்டும் பூச வேண்டும். இடது கன்னத்தில் வழக்கம்போல அண்ணாச்சி கடை க்ரீம். கனகவல்லியும் விளையாட்டாகத் தொடங்கி, ஒரு நாள்கூட மாற்றாமல் பூசிவந்தாள்.

மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்த மேகலா, அண்ணியைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். "பாருங்க அண்ணி, வலப்பக்கம் கொழந்தை மாதிரி வழுவழுன்னு இருக்கு. அந்தப் பக்கம் பூரா கோடு விழுந்துபோச்சு. இப்பவாவது ஒத்துக்குறீங்களா?"

தோற்றுப்போன கனகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடது கன்னத்துக் கோடுகள் கண்ணோரம்வரை விரிந்தன. ஒரு போட்டோகூட இல்லாமல் போய்ச்சேர்ந்த அம்மா, எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வராத அந்த முகத்தோடு, கண்ணாடிக்குள் பாதியாக நின்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ரெண்டு பக்கமும் இதையே பூசுங்க" என்று மேகலா விரலில் க்ரீமை வழித்துக்கொண்டு இடது கன்னத்தை நோக்கி வந்தாள்.

"இரு மேகலா, தொடாத" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள் கனகவல்லி. சிரிப்பை நிறுத்த அவளுக்குப் பயமாக இருந்தது.