எதிரியின் உயரம்

கல்தச்சன் வரைந்து முடித்த எதிரியை அவள் உள்ளங்கையால் அழித்தாள்.

காவிக்கோடுதான். ஒரே தேய்ப்பில் போய்விட்டது.

இலுப்பை மரத்தடியில் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நடுகல்லாகப் போகும் பலகைக் கல்லின் நடுவில் அவள் புருஷன் விண்ணன் கோட்டுருவாக நின்றான். வில்லை வளைத்து நாணை இழுத்த கோலம். காலடியில் இரண்டு பசுக்கள். மந்தையை மீட்டவன் என்பதற்கு அதுதான் அடையாளம். மந்தை முழுசாக வீடு வந்து சேர்ந்தது. அவன் மட்டும் வரவில்லை.

அழிந்துபோன எதிரி அவன் முழங்காலுக்குக் கீழே இருந்தான். கோழிக்குஞ்சு அளவுக்கு.

அந்தக் கோழிக்குஞ்சு, அவளுடைய அண்ணன்.

ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி. அவள் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்து இக்கரைக்கு வாழ வந்தவள். மந்தையை ஓட்டிப்போக அக்கரையிலிருந்து ஆள் வந்தது. முன்னால் வந்தவன் அவள் அண்ணன் சேந்தன். மறித்து நின்றவன் விண்ணன். தங்கை புருஷன் என்று அவனும் பார்க்கவில்லை, மச்சான் என்று இவனும் பார்க்கவில்லை. ஆள் பார்த்தாலும் அம்பு பார்க்குமா, கண்ணுகளா?

அவன் அம்பில் இவன். இவன் அம்பில் அவன். ஒரே மேட்டில் விழுந்தார்கள்.

இத்தனைக்கும் அந்த மாடுகளில் பாதி போன மழைக்கு முன்னால் அக்கரையில் மேய்ந்தவை. அங்கே போய்க் கேட்டால், சேந்தனும் மீட்கத்தான் போனான் என்பார்கள்.

ஆனால் கல் நடுவது விழுந்த இடத்தில். மேடோ இந்த ஊருடையது. அக்கரைக்காரர்கள் இங்கே வந்து கல் நட முடியாது. கல் இல்லாதவனுக்குப் பூ இல்லை, படையல் இல்லை. செத்தும் வழிப்போக்கன்தான்.

அண்ணனுக்கும் ஒரு கல் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தாள். ஊர்த்தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. மகனைப் பறிகொடுத்தவள். அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அதனால் இன்று அவள் கல் கேட்கவில்லை.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிட்ட?" என்றார் தலைவர்.

கையில் ஒட்டிய காவியை அவள் நிதானமாகத் தட்டினாள்.

"இத்துனூண்டு ஆளச் சாய்க்கவா எம் புருசன் செத்தாரு?"

தலைவர் தாடியைச் சொறிந்தார்.

"நாளைக்கு அக்கரைக்காரன் இந்த வழியா போவான். இதப் பாப்பான். எலி அடிச்சவனுக்கெல்லாம் இந்த ஊர்ல கல்லு நடறாங்கடான்னு சிரிப்பான். சிரிக்கட்டுமா?"

பின்னால் எவனோ களுக்கென்றான். தலைவர் திரும்பி முறைத்தார்.

"சரி. இடுப்பு ஒசரம் வைக்கச் சொல்றேன்."

"அப்போ அரை ஆளத்தான் கொன்னாரா?"

"தோள். அதுக்கு மேல ஒரு விரற்கடை கெடையாது."

கல்தச்சன் தலையைச் சாய்த்துக் கல்லைப் பார்த்தான்.

"தோள்ல நிறுத்துனா இவரு வில்லு அவன் மூஞ்சில இடிக்குங்க. ஒசரத்துக்கு ஒசரம் நின்னாத்தான் ரெண்டு வில்லும் அடங்கும்."

தலைவர் மாமியாரைப் பார்த்தார். செத்தது அவள் பிள்ளையல்லவா. அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்தச்சன் காவிக்கட்டியை எடுத்தான். தோள் வந்தது. கழுத்து வந்தது. அங்கே கை நின்றது.

"மூஞ்சி எப்படி இருக்கும்?"

எதிரியின் முகத்தை யார் நின்று பார்த்தார்கள்?

தங்கைக்காரி கல்தச்சனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். முந்தானையை ஒதுக்கி, முகத்தை வெயிலுக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள்.

கல்தச்சன் அவளைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

வரைய ஆரம்பித்தான்.

அதே மோவாய். அதே அகன்ற நெற்றி. மீசை ஒன்றுதான் அவன் கையால் சேர்த்தது.

எழுத்து வெட்டும்போது அவள் பக்கத்திலேயே இருந்தாள். 'இந்த மேட்டில் மந்தை மீட்டு வீழ்ந்துபட்ட விண்ணன் கல்.' அவ்வளவுதான். எதிரியின் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அவளும் கேட்கவில்லை. பெயரைக் கேட்டால் முகமும் போய்விடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கல் மேட்டில் ஏறியது.

குழியில் இறக்கி நிமிர்த்தினார்கள். நீராட்டி, மஞ்சள் பூசி, உச்சியில் மயிற்பீலி சூட்டினார்கள். பறை முழங்கியது. தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்தைப் படித்தார். விண்ணன் பெயர் வந்தபோது ஊரே குலவையிட்டது. அவளும் இட்டாள். அவனும் அவளுடையவன்தானே.

முதல் படையல் பெற்றவளுடையது.

மாமியார் கள் கலயத்தோடு முன்னால் போனாள். மகனின் கல்வாயில் ஊற்றினாள். அது மார்பு வழியாக இறங்கி மண்ணில் போய்ச் சேர்ந்தது. அவன் கன்னத்தைக் கொஞ்ச நேரம் தடவினாள்.

அவள் திரும்பி வருவாள், அடுத்தவர் போகலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் திரும்பவில்லை. ஓரடி நகர்ந்தாள். அந்த இன்னொரு முகத்துக்கு முன்னால் நின்றாள். அந்த மோவாயை, அந்த நெற்றியை, வெகுநேரம் பார்த்தாள்.

கலயத்தில் இன்னும் கள் இருந்தது.

"ஒங்கண்ணன் கள்ளு குடிப்பானாடி?" என்றாள், திரும்பாமலே.