இரண்டு சீட்டுக்கட்டும் ஓர் அணிலும்

ஏரி நிரம்பிக்கொண்டே வந்தது. கரை மரத்தின் அடிப்பொந்தில் இரண்டு குட்டிகளோடு குடியிருந்த அணில் பூவாத்தாளுக்கு, இருப்பதா கிளம்புவதா என்று தெரியவில்லை. குறி சொல்லும் கிளியிடமும் மைனாவிடமும் ஓடினாள்.

கிளி ஒரு சீட்டை உருவியது. மகாலட்சுமி படம். "இருந்த இடத்துலயே இரு தாயி."

மைனா டாரட் என்ற மேல்நாட்டுக் குறிச் சீட்டுக்கட்டைக் கலைத்து ஒன்றைப் புரட்டியது. இடிந்து விழும் கோபுரம். "உடனே கிளம்பு!"

"எதை நம்புறது?"

"என்னோடது சாமி படம்," என்றது கிளி.

"என்கிட்ட எழுபத்தெட்டுச் சீட்டு," என்றது மைனா.

மறுபடி எடுக்கச் சொன்னாள். இப்போது கிளி கிளம்பச் சொன்னது, மைனா இருக்கச் சொன்னது.

தலை சுற்றத் திரும்பினாள். பொந்துக்குள் தண்ணீர். குட்டிகளைக் காணோம். அலறிவிட்டாள்.

"அம்மா, இங்க!" உச்சிக்கிளையிலிருந்து குரல் வந்தது.

ஏறிப்போய் இரண்டையும் அணைத்துக்கொண்டாள். "மேல போகச் சொல்லி யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. வால் நனைஞ்சுது, ஏறிட்டோம்."