பந்திப் படத்துக்குக் கிடைத்த இடம்

ஒரு கம்ப்யூட்டருக்குள் முந்நூறு கல்யாணப் படங்கள் ஒரே ஜிப் மூட்டையாக நசுங்கிக் கிடந்தன. பந்திப் படம் ஒன்று மட்டும் பிந்தி வந்தது. வெளியே கிடப்பதையெல்லாம் சாயங்காலம் அழித்துவிடுவார்கள் என்று அதற்கு ஒரே உதறல்.

"அண்ணே, ஓரமா ஒண்டிக்கிறேன்" என்று மூட்டையிடம் கெஞ்சியது.

"தாராளமா வா. ஆனா 'சேர்'னு சொல்லித்தான் என்னைத் திறக்கணும். 'எழுது'ன்னு திறந்தா, புதுசா கட்டுறதா நினைச்சு உள்ளே இருக்கிறதை மொத்தமா உதறிடுவேன்."

மூட்டையைத் திறக்க வந்த கம்ப்யூட்டர் புரோகிராமான நிரலுக்கு நாலே வரி உடம்பு, நாற்பது முழத் திமிர். "எனக்கே பாடமா? நேத்து மட்டும் பத்து மூட்டை புதுசா கட்டினவன்யா நான்!"

"நீங்க மேதாவிண்ணே! எப்படியாவது திறந்து என்னை உள்ளே தள்ளுங்க" என்று அவசரப்படுத்தியது பந்திப் படம்.

நேற்றைய பழக்கத்தில் நிரல் 'எழுது' என்றே திறந்தது.

உள்ளே போன பந்திப் படம் சுகமாகக் காலை நீட்டியது. "அடேயப்பா, எவ்வளவு இடம்!" என்றது. பிறகுதான் சுற்றிப் பார்த்தது. "ஆமா, மாப்பிள்ளை பொண்ணெல்லாம் எங்கே?"

வெளியே நிரல் நெஞ்சை நிமிர்த்தி அறிவித்துக்கொண்டிருந்தது: "ஒரு படம் சேர்க்கப்பட்டது. பிழை எதுவும் இல்லை."