கடைக்கு மூன்று கிலோமீட்டர்

"வந்துட்டேண்ணா. கடை வாசல்லதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் மானாம்பதிக்காரர்.

வேதகிரி எழுந்து போய் வாசலைப் பார்த்தான். ஒரு நாய் படுத்திருந்தது. மானாம்பதிக்காரரும் இல்லை, அவருடைய எரிந்துபோன மோட்டாரும் இல்லை.

"இன்னிக்கு இது மூணாவது ஆளு தானியேலு. வரேன்றாங்க, வந்துட்டேன்றாங்க, ஒருத்தன் மூஞ்சியும் கண்ணுல படல. பேய் கீய் போன் பண்ணுதா இன்னா?"

தானியேல் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரன். 'மோட்டாருக்குக் காயில் கட்ற கடைன்னு போன்ல தேடுனா உன் பேரு வரணும்ணா' என்று சொல்லி, வேதகிரியின் கடையை மேப்பில் ஏற்ற வைத்தவன் அவன்தான்.

ஏற்றி ஒரு மாதம் ஆகிறது. போன் ஓயாமல் அடிக்கிறது. கடை மட்டும் ஈ ஓட்டுகிறது. வீட்டுக் கொட்டகையில் செய்துகொண்டிருந்த தொழிலை நாலு பேர் பார்க்கட்டும் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஆறு மாதம். திங்கட்கிழமை கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரகடத்துக் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர வேண்டியதுதான். சட்டைக்கு அளவுகூடக் கேட்டுவிட்டார்கள். பதினெட்டு வருடம் செம்புக் கம்பி சுற்றிய கை இனி கேட்டைத் திறந்து மூட வேண்டும்.

"நம்பர மாத்திப் போட்டுட்டனா? அன்னிக்கு ஞாயித்துக்கிழம, நீ போன்ல சொல்லச் சொல்ல நான்தானே ஒன்னொன்னா அமுக்கினேன்?"

"நம்பரு சரியாத்தாண்ணா கீது. இல்லன்னா போன் எப்படி வரும்?" தானியேல் தன் போனைத் திறந்தான். "இன்னாண்ணா நீ, ஆளே வரலன்ற. இங்க பதினோரு பேரு உன்னப் பத்தி எழுதி கீறாங்க!"

"என்னப் பத்தியா? இன்னான்னு?"

"'எரிஞ்ச மோட்டாரு, மறுநாளே தண்ணி எடுக்குது. சொன்ன டயத்துக்குக் குடுத்தாங்க.' அஞ்சு ஸ்டாரு."

வேதகிரி விழித்தான். சொன்ன நேரத்துக்குக் கொடுக்கிற பழக்கம் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.

"இத்த கேளு. 'மரியாதையா பேசுறாங்க. வெயில்ல வந்தோம், டீ போட்டுக் குடுத்தாங்க.'"

"டீயா? இந்த மாசம் நான் எனக்கே டீ வாங்கிக் குடிக்கலடா!"

பார்க்காத ஆள், தொடாத மோட்டார், கொடுக்காத டீ. வேதகிரிக்குத் தலை சுற்றியது.

வீட்டிலும் இதே குழப்பம்தான். நேற்றுச் சோறு போடும்போது பரிமளா, "ஏங்க, அவசரப்பட்டு சாவிய குடுத்துடாதீங்க. ஒன்னு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள். "நானே பேஜார்ல கீறேன், நீ வேற" என்று கத்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். கழுவியும் சோற்றுத் தட்டைச் சுற்றி, கட்டிய காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனை குப்பென்று அடித்தது. வேலையே செய்யாத கையில் இந்த வாசனை எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று அவனுக்குப் புரியவே இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்து கொட்டகையில் அவனோடு உட்கார்ந்து கம்பி பிடித்தவள், சுற்று எண்ணியவள் அவள். பஜாருக்கு வந்தபோது, "கடத்தெருவுல பொம்பள உக்காந்து மோட்டார பிரிச்சா நாலு பேரு இன்னா நெனப்பான்? நீ வூட்ட பாரு" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்தே அவள் பேச்சு குறைந்துவிட்டது.

"இருண்ணா, வர்றவங்க மாதிரியே நாமளும் கடைக்கு வழி போட்டுப் பாப்போம்" என்றான் தானியேல். போட்டான். போனையும் வேதகிரியையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணா... உன் கடைக்கு இங்கேர்ந்து மூணு கிலோமீட்டராம்."

"இன்னாடா உளர்ற? நான் கடைக்குள்ளதானே உக்காந்துக்கினு கீறேன்?"

சந்தேகத்துக்கு எழுந்து போய்ப் பலகையையும் ஒருமுறை படித்துப் பார்த்தான். 'வேதகிரி மோட்டார் ஒர்க்ஸ்.' அவன் பெயர்தான். அவன் கடைதான்.

அப்போதுதான் சுருக்கென்றது. "எவனோ என் பேருல கடை போட்டுக்கினு கீறான்டா! என் வயித்துல அடிச்சுக்கினு கீறான்! ஏறுறா வண்டில!"

வேதகிரி ஓட்ட, பின்னால் உட்கார்ந்த தானியேல் போனைக் காதருகே பிடித்தான். போனில் இருந்த பெண் குரல் அவர்களை ஏரிக்கரையில் ஏற்றியது. மதகைத் தாண்டியதும், 'இடப்புறம் திரும்பவும்' என்றது.

"எங்க ஊருக்குள்ளயே போட்டு கீறான் பாரு, இன்னா தைரியம்!"

'வலப்புறம் திரும்பவும்.'

"அட, எங்க தெருவுலயேடா! இன்னிக்கு அவன சும்மா வுட மாட்டேன்."

'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்றது போன்.

வேதகிரி பிரேக் போட்டான். எதிரே அவன் வீடு. அந்த ஞாயிற்றுக்கிழமை தானியேல் போனில், 'இப்ப இருக்கிற எடம்னு வரும், அத்த அமுக்குண்ணா' என்று சொன்னதும், தான் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே அமுக்கியதும் அவனுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதே கட்டிலில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பஜாருக்குப் போனதிலிருந்து அவன் எட்டிக்கூடப் பார்க்காத கொட்டகையில் ஐந்து மோட்டார்கள் வரிசையாக நின்றன.

உள்ளே, வேண்டாம் என்று அவன் போட்டுவிட்டுப் போன பழைய மெஷினில் கம்பி சுற்றிக்கொண்டே, "நூத்திப் பன்னண்டு, நூத்திப் பதிமூணு" என்று எண்ணிக்கொண்டிருந்த பரிமளா, வண்டிச் சத்தம் கேட்டும் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "மோட்டார ஓரமா வச்சுட்டு உக்காருங்கண்ணா, டீ எடுத்தாறேன். எத்தினி எச்பி?"